காரீயம்: தொழிற்கூடத்திலிருந்து இல்லம் வரை

மருத்துவமனைக்கு வருகின்ற நோயாளியிடம் பெயர், வயது, ஊர், உடற்குறை ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னர், "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று நாங்கள் வினவுவது வழக்கம். "கூலி வேலை", "கம்பெனி வேலை" என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு, அடுத்த கேள்விக்குப் பலர் சென்றுவிடுகின்றனர். ஆனால் சில நோய்களுக்கு இந்தக் கேள்வியின் விடையே நோயின் காரணமாக அமைந்துவிடுகிறது. 1700 ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமட்சினி, தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். மருத்துவர்கள் நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "உம்முடைய தொழில் யாது?" என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் அதில் வலியுறுத்தினார். மட்பாண்டங்களுக்கு மெருகேற்றுவதற்காகக் காரீயத்தை அரைத்துப் பூசிய குயவர்களின் கைகள் நடுங்கிச் செயலிழந்ததை அவர் கண்டு எழுதியிருந்தார்.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. காரீயம் இன்றும் தொழிற்கூடங்களில் உள்ளது. அதனால் வரும் நோயும் உள்ளது. வயிற்றுவலி, இரத்தசோகை, உடற்சோர்வு, மூட்டுவலி எனப் பல பெயர்களில் அந்நோய் மருத்துவமனைக்கு வருவதால் எளிதில் அடையாளம் காணப்படுவதில்லை. காரீயத் தொழிலில் உள்ளவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

ஈயம் என்னும் ஒரு சொல், இரண்டு உலோகங்கள்

தமிழ் வழக்கில் "ஈயம்" என்ற சொல் இரண்டு வெவ்வேறு உலோகங்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசப்படுவதும், இரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்யப்படுவதும் வெள்ளீயத்தால்தான். தூய வெள்ளீயம் சமையலுக்குத் தீங்கு தருவதன்று. காரீயமோ நஞ்சு; எந்த அளவிலும் உடலுக்கு அதனால் பயனில்லை.

இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதாலும், காரீயம் விலை மலிவானது என்பதாலும், சில வேளைகளில் வெள்ளீயத்தோடு காரீயம் கலந்துவிடுகிறது. புளியும் தக்காளியும் சேர்ந்த இரசம் போன்ற புளிப்புள்ள உணவு அத்தகைய கலப்புலோகத்திலிருந்து காரீயத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ஆகவே, நம்பகமான இடத்தில் வாங்காத ஈயப் பாத்திரத்திலும், இன்னதென்று தெரியாத பொருளால் பூசப்பட்ட பாத்திரத்திலும் புளிப்பான உணவைச் சமைக்காதிருப்பதே நன்று. இக்கட்டுரையில் இனி நாங்கள் கூறுவது அனைத்தும் காரீயத்தைப் பற்றியதே.

எந்தெந்தத் தொழில்களில் காரீயம் உள்ளது?

உலகில் பயன்படுத்தப்படும் காரீயத்தில் பெரும்பகுதி வாகனம், இன்வெர்ட்டர், தொலைத்தொடர்புக் கோபுரம் ஆகியவற்றுக்கான மின்கலங்களுக்கே, அதாவது பேட்டரிகளுக்கே, செல்கிறது. ஒரு வாகன பேட்டரியின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது காரீயமும் அதன் சேர்மங்களுமே. ஆகவே பேட்டரி தயாரிக்கும் ஆலைகளில் பணிபுரிவோரும், பழைய பேட்டரியை உடைத்து அதன் தட்டுகளை உருக்கி மீண்டும் கட்டியாக வார்ப்போரும் முதன்மையான ஆபத்தில் உள்ளனர். ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஆலைகளைக் காட்டிலும், ஊர்ப்புறத்துக் கொட்டகைகளிலும் வீட்டு முற்றங்களிலும் நடைபெறும் உடைப்பு வேலையில் ஆபத்து பன்மடங்கு அதிகம்.

இவர்களைத் தவிர, வாகன ரேடியேட்டரைப் பற்றவைத்துச் சீர்செய்வோர், மின்னணுப் பலகைகளில் பற்றவைப்பு வேலை செய்வோர், மின்னணுக் கழிவைப் பிரிப்போர், பழைய இரும்புப் பாலங்களிலும் கப்பல்களிலும் உள்ள வண்ணப்பூச்சைச் சுரண்டி எடுப்போர், பழைய வீட்டுச் சுவர்களையும் கதவுகளையும் உப்புத்தாளால் தேய்ப்போர், பீங்கானுக்கு மெருகு பூசுவோர், மீன்வலைக்கு ஈயக்குண்டு வார்ப்போர், துப்பாக்கிச் சுடுதளங்களில் பணியாற்றுவோர் ஆகியோரும் காரீயத்தோடு தொடர்புடையவர்களே. பஞ்சலோகச் சிலை வார்ப்பிலும் செம்பு, பித்தளை ஆகியவற்றோடு காரீயம் சேர்ப்பதுண்டு. இந்தியாவில் 2017 ஆம் ஆண்டு நவம்பர் முதல் வீட்டு வண்ணப்பூச்சில் காரீயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது. எனினும் அதற்கு முன்னர் பூசப்பட்ட பூச்சு பழைய கட்டடங்களில் இன்னும் உள்ளது.

உடலுக்குள் நுழையும் வழி

காரீயம் 327 டிகிரி செல்சியசில் உருகிவிடும். சாதாரண அடுப்பிலேயே அதனை உருக்க முடியும். வீடுகளில் இத்தொழில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். உருகிய காரீயம் மேலும் சூடேறும்போது கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்புகை எழுகிறது. அப்புகையின் துகள்கள் மிக நுண்ணியவை. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடியாழம் வரை சென்று இரத்தத்தில் கலக்கின்றன. அறுத்தல், தேய்த்தல், உடைத்தல், பெருக்குதல் ஆகிய வேலைகளில் தூசு எழுகிறது. அதில் ஒரு பகுதி மூச்சோடு செல்கிறது. எஞ்சியது கையிலும் உதட்டிலும் மீசையிலும் படிந்து வாய்வழியே செல்கிறது.

காரீய உலோகமும் அதன் தூசும் தோலின் வழியாக மிகச் சிறிதளவே உட்செல்லும். ஆனால் தூசு படிந்த கையால் பீடியைப் பிடிப்பதும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதும், புகையிலையைக் கசக்கி வாயில் ஒதுக்குவதும், தேநீருடன் வடையைப் பிட்டுத் தின்பதும் காரீயத்தை நேரே வயிற்றுக்குக் கொண்டு சேர்க்கின்றன. உண்ட காரீயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைப் பெரியவர்களின் குடல் உறிஞ்சுகிறது. குழந்தைகளின் குடலோ பாதியளவு வரை உறிஞ்சிவிடும். வெறும் வயிற்றிலும், உடலில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த நிலையிலும் இந்த உறிஞ்சல் மேலும் கூடுகிறது.

உடலுக்குள் என்ன நிகழ்கிறது?

நம் உடல் காரீயத்தைச் சுண்ணாம்புச்சத்து எனப்படும் கால்சியமாகக் கருதி ஏமாந்துவிடுகிறது. கால்சியம் செல்ல வேண்டிய இடங்களுக்கெல்லாம் அது செல்கிறது. நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வேலையைக் கெடுக்கிறது. இரத்தச் சிவப்பணுவில் ஹீமோகுளோபின் உருவாவதற்கு உதவும் நொதிகளை முடக்குவதால் இரத்தசோகை ஏற்படுகிறது. இத்தகைய இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்தால் முழுமையாகக் குணமாவதில்லை. மாதக்கணக்கில் மாத்திரை உட்கொண்டும் இரத்த அளவு ஏறாத ஒருவர் காரீயத் தொழில் செய்பவராயின், அதனை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும்.

இரத்தத்தில் கலந்த காரீயம் ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் பாதியாகக் குறைகிறது. ஆனால் அவ்வாறு குறைவது முழுவதும் சிறுநீரில் வெளியேறிவிடுவதில்லை. ஒரு பகுதி எலும்புக்குச் சென்று தங்குகிறது. பெரியவர்களின் உடலில் சேர்ந்துள்ள காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பிலேயே உள்ளது. அங்கே அது பல பத்தாண்டுகள் தங்கியிருக்கும். கருவுற்ற காலம், தாய்ப்பால் ஊட்டும் காலம், மாதவிடாய் நின்ற பின்னர், எலும்பு முறிவு, நீண்ட நாள் படுக்கையில் கிடத்தல் ஆகிய நிலைகளில் எலும்பு கரையும்போது, அதிலிருந்து காரீயம் மீண்டும் இரத்தத்திற்குத் திரும்புகிறது. எனவேதான் தற்போது செய்யும் தொழிலை மட்டுமன்றி, பத்தாண்டுகளுக்கு முன்பு செய்துவிட்டுக் கைவிட்ட தொழிலையும் நாங்கள் கேட்கிறோம்.

அறிகுறிகள்

காரீய நஞ்சேற்றத்திற்கென்று தனித்த ஓர் அறிகுறி பெரும்பாலும் இருப்பதில்லை. தொடக்கத்தில் சோர்வு, தலைவலி, எரிச்சல், உறக்கக் குறைவு, பசியின்மை, மலச்சிக்கல் ஆகியவை தோன்றும். "வேலைக் களைப்பு" என்று இவற்றை ஒதுக்கிவிடுவது இயல்பு. அளவு கூடும்போது வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் கடுமையான வலி வந்து வந்து போகும். குடற்புண் என்றோ குடல்வால் அழற்சி என்றோ எண்ணி, அறுவை சிகிச்சை வரை செல்ல நேர்வதும் உண்டு. சிலருக்கு ஈறின் விளிம்பில் நீலம் கலந்த கருங்கோடு தென்படும். நீண்ட காலம் கடந்தால் முன்கையின் தசைகளுக்குச் செல்லும் நரம்புகள் பாதிக்கப்பட்டு, மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் கை தொங்கிவிடும்.

வெளியே எதுவும் தெரியாத நிலையிலும் உள்ளே கேடு தொடரலாம். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் குறைவான அளவிலும் இரத்த அழுத்தம் உயர்வதும் சிறுநீரகச் செயல்திறன் குறைவதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளன. 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலக அளவில் 15 இலட்சத்திற்கு மேற்பட்ட இறப்புகளுக்குக் காரீயம் காரணமாக இருந்ததாகவும், அவற்றில் பெரும்பாலானவை இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்தவை என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆண்களுக்கு விந்தணுக்கள் குறைதலும், பெண்களுக்குக் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரலாம். கருவிலுள்ள குழந்தைக்கு நஞ்சுக்கொடி காரீயத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை.

இல்லத்தில் உள்ள குழந்தை

குடும்பத்தினர் இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

தொழிலாளி மாலையில் வீடு திரும்பும்போது, தூசு அவருடைய சட்டையிலும் தலைமுடியிலும் செருப்பிலும் சோற்றுத் தூக்கிலும் வண்டி இருக்கையிலும் ஒட்டிக்கொண்டு உடன் வருகிறது. வாசலில் ஓடிவரும் குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொள்கிறார். அழுக்குச் சட்டை கட்டிலின்மேல் கிடக்கிறது. மனைவி அதனை உதறி, மற்றத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்கிறார். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கிறது. ஆலைக்குள் ஒருநாளும் கால் வைக்காத இருவருடைய உடலிலும் காரீயம் சேர்வது இவ்வாறுதான்.

வளரும் மூளைக்குக் காரீயம் செய்யும் தீங்கு பெரும்பாலும் மீட்க முடியாதது. அறிவுத்திறன் குறைதல், கவனம் சிதறுதல், பேச்சு தாமதித்தல், படிப்பில் பின்தங்குதல், காரணமற்ற முரட்டுத்தனம் ஆகியவை நேரலாம். இவற்றைக் குழந்தையின் குணக்கேடு என்று பெற்றோர் எண்ணி அடித்துத் திருத்த முயல்வது வருந்தத்தக்கது. இன்ன அளவு வரை குழந்தைக்குத் தீங்கில்லை என்று கூறத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை. 2020 ஆம் ஆண்டில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது ஏறக்குறைய 80 கோடிக் குழந்தைகளின், இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருப்பதாக மதிப்பிட்டது.

வீட்டிலேயே இத்தொழிலைச் செய்வதன் விளைவு இன்னும் கொடியது. ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் டக்கார் நகருக்கு அருகிலுள்ள தியாருவா சுர் மெர் என்னும் குடியிருப்பில், பழைய பேட்டரிகளை உடைத்ததால் மண்ணில் கலந்த காரீயத்தைச் சலித்தெடுக்கும் வேலையில் மக்கள் ஈடுபட்டனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கு 18 குழந்தைகள் இறந்தனர். இரத்தப் பரிசோதனை செய்த பின்னரே காரீயம் காரணம் என்பது தெரியவந்தது. 2010 ஆம் ஆண்டில் நைஜீரியாவின் சம்பாரா மாநிலத்தில், காரீயம் கலந்த தங்கத் தாதுவை வீடுகளில் அரைத்ததால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் உயிரிழந்தனர். அந்தப் பெற்றோர் எவரும் பிள்ளைக்குத் தீங்கு செய்ய எண்ணியவர்கள் அல்லர். வீட்டுச் செலவுக்கு உழைத்தவர்களே.

பரிசோதனை

காரீயத்தைக் கண்டறிய உறுதியான வழி, நரம்பிலிருந்து எடுக்கப்படும் இரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பதாகும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தத்தில், தோலில் ஒட்டியிருக்கும் தூசு கலந்து அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே அம்முறையில் கூடுதல் அளவு வந்தால் நரம்பு இரத்தத்தில் மீண்டும் பார்த்து உறுதி செய்வோம். இதனுடன் ஹீமோகுளோபின், இரத்த அணுக்களின் தோற்றம், சிறுநீரகச் செயல்பாடு, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்ப்போம்.

அறிக்கையில் உள்ள எண்ணை எவ்வாறு புரிந்துகொள்வது? டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், காரீயம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. குழந்தைகளுக்கு 45 அல்லது அதற்கு மேல் இருந்தால் காரீயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படுகிறது. பெரியவர்களுக்கு மருந்து தேவையா என்பதை, அளவோடு அறிகுறிகளையும் கருவுறும் வாய்ப்பையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறோம். 5-க்குக் கீழ் இருப்பதால் காரீயமே இல்லை என்று பொருளன்று. ஒரு முறை பார்த்த எண்ணைக் காட்டிலும், சில மாத இடைவெளியில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே எங்களுக்கு முதன்மையானது.

தொழிலில் உள்ளவரின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தால், வீட்டிலுள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் பரிசோதனைக்கு அழைத்து வருமாறு கூறுவோம். தயங்காமல் அழைத்து வருக.

சிகிச்சை

சிகிச்சையின் முதற்படி, காரீயத்தோடு உள்ள தொடர்பை நிறுத்துவதாகும். இதற்கு ஈடான மருந்து எதுவுமில்லை. தேவைப்படுவோர்க்கு சக்சைமர் என்னும் வாய்வழி மருந்தோ, கால்சியம் டைசோடியம் எடிடேட் என்னும் ஊசிமருந்தோ கொடுக்கப்படுகிறது. இம்மருந்துகள் காரீயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரின் வழியாக வெளியேற்றுகின்றன.

மருந்து முடிந்த சில வாரங்களில் இரத்த அளவு மீண்டும் ஓரளவு உயர்வதுண்டு. எலும்பில் உள்ள காரீயம் இரத்தத்திற்கு வருவதே இதன் காரணம். இதனைக் கண்டு மருந்து பலனளிக்கவில்லை என்று எண்ணிப் பாதியில் நின்றுவிட வேண்டா. ஆனால், பழைய இடத்திலேயே வேலையைத் தொடர்ந்துகொண்டு மருந்தை மட்டும் உட்கொள்வது பயனற்றது, தீங்காகவும் முடியலாம். "இந்த மருந்து உள்ளே போனால் விஷம் வெளியேறிவிடும், நீ தொடர்ந்து வேலை செய்" என்று எவர் கூறினாலும் ஏற்க வேண்டா. கடைகளிலும் விளம்பரங்களிலும் "நச்சு நீக்கி" என்று விற்கப்படுபவற்றால் காரீயம் வெளியேறாது. உலோகப் பற்பம் சேர்ந்த மருந்துகளை உட்கொள்பவராயின், அதனையும் எங்களிடம் மறைக்காமல் கூறுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். சில தயாரிப்புகளில் காரீயம் இருப்பதால் கேட்கிறோம்.

கருவுற்றவரும் பாலூட்டும் தாயும் காரீயத் தொடர்புடையவராயின், உடனே மருத்துவரை அணுக வேண்டும். தாய்ப்பாலை நிறுத்துவது பற்றித் தாமாக முடிவு செய்ய வேண்டா. இரத்த அளவைப் பார்த்தே அது முடிவு செய்யப்படும். பெரும்பாலான தாய்மார்கள் பாலூட்டலைத் தொடரலாம்.

பாலும் வெல்லமும் போதுமா?

தூசு நிறைந்த வேலையிடங்களில் வேலை முடிந்தவுடன் வெல்லக் கட்டியோ, வாழைப்பழமோ, பாலோ கொடுப்பது நெடுநாள் வழக்கம். "தூசியை அடித்துச் சென்றுவிடும்" என்று நம்புகின்றனர். நுரையீரலுக்குச் சென்ற காரீயத்தை வெல்லம் வெளியேற்றாது. அது செல்லும் பாதை உணவுக்குழாய், நுரையீரல் அன்று. பால் நல்ல உணவுதான். ஆனால் பால் கொடுத்துவிட்டதால் புகைபோக்கி தேவையில்லை என்றாகிவிடாது.

உணவால் பயன் இல்லாமலில்லை. வயிறு நிறைந்திருந்தாலும், இரும்புச்சத்தும் கால்சியமும் போதிய அளவு இருந்தாலும் குடல் குறைந்த காரீயத்தையே உறிஞ்சும். ஆகவே காலையில் உண்ணாமல் வேலைக்குச் செல்ல வேண்டா. கேழ்வரகு, முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, முள்ளோடு உண்ணத்தக்க சிறுமீன், நெல்லிக்காய் ஆகியவற்றை உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் இவ்வாறே. உணவு ஒரு துணை மட்டுமே. தடுப்பு முறைகளுக்கு மாற்றாகாது.

வேலையிடத்தில் செய்யத்தக்கவை

நோய் வந்தால் "கையைக் கழுவாமல் சாப்பிட்டான்" என்று தொழிலாளியையே குறை கூறுவது பழைய வழக்கம். 1910 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் காரீயத் தொழில்களை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், தொழிற்கூடங்களுக்கும் தொழிலாளர் இல்லங்களுக்கும் நேரில் சென்று பார்த்தார். கழுவாத கையைக் காட்டிலும் காற்றில் நிறைந்திருக்கும் தூசும் புகையுமே பெரும் காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். எனவே முதற்பொறுப்பு தொழிற்கூடத்தை நடத்துவோருடையது. உருக்கும் பாத்திரத்தை மூடி, புகையை எழும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பை நிறுவுதல். தூசு எழாதவாறு ஈரமாக்கி வேலை செய்தல். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல். உணவு உண்ணத் தனி அறை, குளிக்குமிடம், வேலை உடை ஆகியவற்றை அளித்தல். குறித்த கால இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் ஆகியவை அவர்களின் கடமை.

தொழிலாளி தம் அளவில் செய்யத்தக்கவை:

முகத்தில் கட்டும் துண்டும் கைக்குட்டையும் சாதாரணத் துணிக் கவசமும் காரீயப் புகையைத் தடுப்பதில்லை. நுண்துகளை வடிகட்டும் உரிய சுவாசக் கவசத்தை முகத்தோடு இடைவெளியின்றிப் பொருத்தி அணிய வேண்டும்.

வேலையிடத்தில் பீடி, சிகரெட், வெற்றிலைபாக்கு, புகையிலை, தேநீர் எதுவும் வேண்டா. உண்பதற்கு முன் சோப்பிட்டுக் கையையும் முகத்தையும் கழுவி, வாயைக் கொப்பளியுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

வேலை உடையும் செருப்பும் வேலையிடத்திலேயே இருக்கட்டும். இயலுமானால் அங்கேயே குளித்து, தலையையும் அலசி, மாற்றுடை அணிந்து புறப்படுங்கள்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

வேலையிடத்தில் குளிக்க வசதி இல்லையெனில், வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, எவரையும் தொடாமல் நேரே குளிக்கச் செல்லுங்கள். குழந்தையை அதன் பின்னர் தூக்குங்கள். சில நிமிடத் தாமதந்தான்.

வேலை உடையை உதறாமல் தனிப் பையில் இட்டு, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். துவைத்த நீரைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஊற்ற வேண்டா.

வீட்டைப் பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தையின் கைகளையும் விளையாட்டுப் பொருள்களையும் அடிக்கடி கழுவுங்கள்.

பேட்டரியை உடைப்பது, காரீயத்தை உருக்குவது, ஈயக்குண்டு வார்ப்பது ஆகிய வேலைகளை வீட்டிலோ சமையலறை அடுப்பிலோ ஒருபோதும் செய்ய வேண்டா. உருக்கிய பாத்திரத்தை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் சமையலுக்கு மீண்டும் பயன்படுத்துதல் கூடாது.

வேலை போய்விடுமோ என்னும் அச்சம்

"தொழிலைச் சொன்னால் வேலை போய்விடும்" என்ற அச்சத்தால் சிலர் எங்களிடம் உண்மையைக் கூறத் தயங்குகின்றனர். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்ற கவலை பொய்யன்று. அதனை நாங்கள் அறிவோம்.

சட்டம் கூறுவதையும் அறிந்துகொள்ளுங்கள். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களை ஓர் அட்டவணையாகத் தந்தது. அதில் முதலாவதாக இடம்பெற்றதே காரீய நஞ்சேற்றம். தொழிலாளர் சட்டங்கள் பின்னர் தொகுக்கப்பட்ட போதும் அக்கடமை நீங்கவில்லை. நோயைக் கண்டறியும் மருத்துவர் அதனை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிற்கூடத்தில் உள்ள குறையைச் சீர்செய்து, உடன் பணிபுரிவோரையும் காப்பதே இதன் நோக்கம், நோயுற்றவரைத் தண்டிப்பதன்று. காரீயத்தால் வரும் நோய், இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய்களின் பட்டியலிலும் உள்ளது. தொழிலாளர் அரசு காப்பீட்டில் பதிவு பெற்றவர்கள் அதன் மருத்துவ உதவியையும் நோய்க்கால உதவித்தொகையையும் கோரலாம். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகங்களில் இதுபற்றி முறையிடலாம்.

பதிவு பெறாத கொட்டகைகளில் நாட்கூலிக்கு உழைப்போர்க்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் எட்டுவதில்லை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அத்தகையோர் மருத்துவமனையின் சமூகப்பணி அலுவலரைச் சந்திக்க வேண்டுகிறோம். வேலையை முற்றிலும் விட இயலாத நிலையிலும், உருக்கும் பகுதியிலிருந்து வேறு பகுதிக்கு மாறுதல் போன்ற வழிகள் உண்டு. அதற்குத் தேவையான மருத்துவச் சான்றினை நாங்கள் அளிப்போம்.

அடுத்த முறை வரும்போது

வயிற்றுவலிக்காகவோ, இரத்தசோகைக்காகவோ, குழந்தையின் படிப்புக் குறைக்காகவோ மருத்துவமனைக்கு வருவோர், இவ்விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருக: இப்போது செய்யும் வேலை, அதில் கையாளும் பொருள்கள், எத்தனை ஆண்டுகள், இதற்கு முன் செய்த வேலைகள், வீட்டில் வேறு எவரேனும் செய்யும் வேலை, வீட்டுக்கு அருகில் உருக்குக் கொட்டகை உண்டா என்பது, உடன் பணிபுரிவோர்க்கு இதே தொல்லை உண்டா என்பது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கூறினாலும் போதும். "கம்பெனி வேலை" என்பதோடு நிறுத்தாமல், அங்கே கை என்ன செய்கிறது என்பதைக் கூறுங்கள்.

கடும் வயிற்றுவலியோடு வாந்தி, வலிப்பு, நினைவு தடுமாறுதல், குழந்தை காரணமின்றி மயங்கிச் சோர்தல் ஆகியவை தோன்றினால் அடுத்த புறநோயாளர் நாளுக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். தூக்கி வருபவர் முதலில் கூற வேண்டியது, வீட்டில் காரீயத் தொழில் செய்பவர் உண்டு என்பதே. அந்த ஒரு வாக்கியம் எங்களுக்குப் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.